வள்ளிமயில் வாசலில் நின்ற சத்தம்

ஆவுடைத்தங்கம் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே வந்த சத்தம், மற்றச் சத்தங்களைப் போலக் காற்றில் கரைந்து போகாமல் விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்பது, செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து மறுநாள் காலையில் பந்தல்காரர்கள் கயிறு அவிழ்க்க வந்தபோதுதான் பனையடியூருக்குத் தெரிந்தது. ஆம்ப்பை அணைத்து, ஜெனரேட்டர் வண்டியேறி, ஸ்பீக்கர் பாக்ஸ்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்ட பிறகும் டீக்கடை முக்கில் முந்தின நாள் போட்ட சாமி பாட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது. முக்குக்குள் காலை வைத்தால் பாட்டு கேட்டது, ஒரு எட்டு தள்ளி நின்றால் கேட்கவில்லை. பந்தல்காரர் ஒருவர் உள்ளே போயும் வெளியே வந்தும் பார்த்துவிட்டு, ரேடியோ செட்டுக்காரம்மா சத்தத்தை அள்ளிக்கொண்டு போக மறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போனார்.

அந்த ஆம்ப்பை அவள் கட்டியது எடைக்காக. அவளுடைய புருசன் சண்முகக்கனிக்கு முதுகில் டிஸ்க் நழுவி, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைக் செட்டு வாடகைக்கு விடும் அவர்களுடைய தொழிலில், ‘கனி ரேடியோஸ்’ என்று பெயர் எழுதிய பழைய ஆம்ப்போ இரண்டு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்கினால்தான் அசையும். உள்ளே இருக்கும் இரும்பு டிரான்ஸ்பார்மர் அப்பேர்ப்பட்டது. வாங்குகிற கரண்டில் பாதியை அது சூடாக்கியே தீர்த்துவிடும், டீ டம்ளரை அதன் தலையில் வைத்தால் ஆறாது. விற்றுவிட்டு ஒரு தையல் மிஷின் வாங்கிப் போடுவோம் என்றான் கனி. தூக்க முடியவில்லையென்றால் தூக்குகிற மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டியதுதானே, அதற்கு எதற்குத் தொழிலை விற்பது என்று ஆவுடைத்தங்கம் கேட்டாள். அவள் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான் என்பது கனிக்குத் தெரியும், அதனால் படுத்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிளாஸ் டி என்று போனில் வீடியோ போடுகிறவர்கள் சொன்ன அந்த ஜாதி ஆம்ப்பில் பெரிய இரும்பு கிடையாது, சூடும் கிடையாது. மாஸ்ஃபெட் என்கிற இரண்டு குட்டிச் சுவிட்சுகள், மேலே ஒன்று கீழே ஒன்று, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றித் திறந்து மூடும். அப்படித் துண்டு துண்டாக வருகிற கரண்டைக் காயில் என்கிற கம்பிச்சுருளில் வடித்து எடுத்தால் பாட்டாக வரும். ஒரே உரலில் இரண்டு பொம்பளைகள் உலக்கை மாற்றிப் போடுவது மாதிரிதான் என்று அவள் மனதில் வைத்துக்கொண்டாள். ஒரு உலக்கை ஏறின பிறகுதான் மறு உலக்கை இறங்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் வம்பு. முதல் போர்டில் அந்த இடைவெளியை அவள் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டாள், சுவிட்சைப் போட்டதும் ஓலைவெடி மாதிரி வெடித்து மாஸ்ஃபெட்டின் தலை பறந்து கனியின் கட்டிலில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் சீரிஸாக மாட்டிக்கொண்டுதான் எந்தப் போர்டையும் தொட்டாள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக் கொடுக்கும், எதுவும் வெடிக்காது. ஒரு தடவை சிமிட்டிவிட்டு அணைந்துபோனால் போர்டு நல்ல போர்டு. வாரக்கணக்கில் அந்தப் பல்பு பளீரென்றே எரிந்தது. இந்த வெளிச்சத்தில் ராத்திரிச் சோற்றைச் சாப்பிட்டுவிடலாம் போலிருக்கிறதே என்று கனி கேலி பண்ணினான். அவள் மாஸ்ஃபெட்டை மாற்றினாள், இடைவெளியைக் கூட்டினாள், காயில் சுற்றிய வளையம் புகைந்தபோது கம்பியை முழுக்க அவிழ்த்துவிட்டு வேறு வளையத்தில் தடித்த கம்பியாக விரல் சிவக்கச் சுற்றினாள். சத்தம் வந்த பிறகும் அடியில் உம்மென்று ஒரு இரைச்சல் கேட்டது. எர்த் வயர்கள் எல்லாவற்றையும் பிய்த்து ஒரே புள்ளியில் கொண்டுவந்து பற்றவைத்து, போர்டைச் சீதனமாக வந்த எவர்சில்வர் சம்புடத்துக்குள் இறக்கி மூடியதும் அந்த இரைச்சலும் போய்விட்டது. பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டி அணைந்தது. சம்புடத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தாள், குளிர்ந்து கிடந்தது.

“பாட்டு போட்டுருக்கியா, இல்ல ஆஃப்ல கெடக்கா?” என்று கனி கேட்டான். ஓடிக்கொண்டுதான் இருந்தது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த அமைதியைத்தான் அவன் கேட்டான். ஒரு ரேடியோ செட்டுக்காரி வாங்கக்கூடிய பட்டத்திலேயே அதுதான் பெரிய பட்டம் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

வினையும் அங்கேதான் இருந்தது. பழைய ஆம்ப் இருந்த காலத்தில் மைக் உயிரோடு இருந்தால் ஊருக்கே உம்மென்று கேட்கும், அந்த உம் கேட்டதும் மைக் பக்கத்தில் நிற்பவர்கள் வாயை அடக்கிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அப்படிப் பழகிய ஊர். கொடையன்று உச்சிப் பொழுதில், கமிட்டித் தலைவர் வைகுண்டமணி அண்ணாச்சி அன்னதானத்துக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். உம் என்ற இரைச்சல் இல்லை. மைக் அணைந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார், அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் பூசாரி ஒரு மாலையை வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்த அண்ணாச்சி, “புருசனத் தின்னவ கட்டுன மாலைய சாமி கழுத்துல போடாதீய” என்று சொன்னார்.

எல்லாப் பாக்ஸிலும் அது கேட்டது. கடைசிப் பாக்ஸ், மாலையைக் கட்டிய வள்ளிமயிலின் வாசலுக்கு நேரே இருந்தது.

வள்ளிமயில் ஆவுடைத்தங்கத்தின் அடுத்த வீட்டுக்காரி, வீட்டிலேயே பூக்கட்டி விற்றுப் பிழைப்பவள். அவள் புருசன் பவுன்ராஜ், வைகுண்டமணியின் ஒரே தம்பி. விடியுமுன் பூச்சந்தைக்குப் பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். பொண்டாட்டிக்குப் பூ வாங்கப் போய்த்தானே போனான் என்று அண்ணாச்சி அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டார், அதற்குப் பிறகு தம்பி பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சாவு வீட்டில் பாடை கட்டச் சொன்னதிலிருந்து பந்திக்கு இலை எடுக்கச் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் நின்று நடத்தினார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆம்பளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊரும் மெச்சியது.

கொடை முடிந்த மறுநாளிலிருந்து ஊர் தன் சத்தங்களோடு குடித்தனம் பண்ணக் கற்றுக்கொண்டது. எந்தச் சத்தம் எந்தப் பாக்ஸடியில் தங்கியது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. கோயில் முன்னால் வில்லுப்பாட்டு நின்றது; கிழக்கே இருந்து நடந்து வந்தால் கதை முன்னோக்கியும் மேற்கே இருந்து வந்தால் பின்னோக்கியும் நடந்ததால், அவசரக்காரர்கள் மேற்கே இருந்து வந்து முடிவை முதலில் தெரிந்துகொண்டு போனார்கள். உருமி மேளம் நின்ற இடத்தில், வெளியே யாருக்கும் கேட்காது என்பதால், மாமியார்களைப் பற்றிப் பேச வேண்டிய மருமக்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே போய் ஒருத்தி காதில் ஒருத்தி கத்திவிட்டு மனசு லேசாகி வெளியே வந்தார்கள். நாதஸ்வரம் விழுந்த புளிய மரத்தடியில் ஒரு கைப்பிள்ளைக்காரி தொட்டில் கட்டினாள், அந்தப் பிள்ளை வேறெங்கும் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சிவப்புக் கலர் செருப்பைத் தொலைத்தவர்கள் கமிட்டிக்கு வரவும் என்ற அறிவிப்பு பஸ் நிற்கும் இடத்தில் நின்றதால், வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். நாதஸ்வரத்தில் பாதி தன் மனைக்குள் விழுந்திருக்கிறது என்று ஒருவர் வேலி போடப் போக, கிராம நிர்வாக அலுவலர் வந்து நாலு பக்கமும் நின்று கேட்டுவிட்டு, இது அரசாங்கச் சத்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். மழை பெய்து பார்த்தது, காற்று அடித்துப் பார்த்தது, சத்தம் நகரவில்லை.

ஆவுடைத்தங்கம் சம்புடத்தைத் திறந்து காயிலை மாற்றினாள், கெப்பாசிட்டரை மாற்றினாள், சீரிஸ் பல்பைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஒரு குறை தெரியவில்லை. ஒண்ணும் வீணாப் போவாம கட்டுனல்லா, சத்தமும் வீணாப் போவல என்று கனி கட்டிலில் கிடந்தபடி சொன்னான். அதற்கு மேல் நல்ல காரணம் யாரும் சொல்லாததால் ஊர் அதையே வைத்துக்கொண்டது.

எல்லாச் சத்தத்தோடும் ஒத்துப்போன ஊரால் ஒரு சத்தத்தோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. வள்ளிமயில் கோலம் போட வாசலுக்கு வந்தால், புருசனத் தின்னவ. தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால், புருசனத் தின்னவ. பூ வாங்க வருகிறவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொண்டு தாண்டினார்கள், பிறகு கொல்லைப்புறமாக வந்தார்கள், பிறகு பக்கத்து ஊரில் வாங்கிக்கொண்டார்கள். கெட்ட மனசு யாருக்கும் இல்லை; கல்யாணத்துக்கு மாலை வாங்கப் போகிறவர்கள் அந்த வார்த்தைக்குள் நடந்து போய் வாங்க மனம் துணியவில்லை, அவ்வளவுதான். வாய்ச் சொல்லாக இருந்தால் ஒரு வாரத்தில் வேறு வம்பு வந்து அதை மூடியிருக்கும்.

சத்தத்தை அடக்க வாசலில் மெத்தையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், வைக்கோல் அடைத்துப் பார்த்தார்கள். மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். மன்னிப்பும் அங்கேயேதான் நிற்கும், அப்புறம் அவள் இரண்டையும் மிதித்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று ஆவுடைத்தங்கம் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். “நான் கட்டுன ஆம்ப்பு வுட்ட சத்தம்ளா மயிலு. ஒரு பொட்டு மிச்சமில்லாம நான்தான் எடுக்கணும். எடுக்காம வுட மாட்டேன்” என்று வள்ளிமயிலிடம் சொன்னாள்.

வழி கிடைத்தது ஒரு சடங்கு வீட்டில். சத்தம் நிற்கும் ஆம்ப் என்று பேராகிவிட்டதால் அவளுக்கு முன்பைவிட அதிகமாகவே அழைப்பு வந்துகொண்டிருந்தது, வயர் கூடையில் சம்புடத்தைப் போட்டுக்கொண்டு தன்னந்தனியாகப் போய்வந்தாள். அந்த வீட்டில் இரண்டு பாக்ஸை எதிரெதிராக வைத்தபோது, அவசரத்தில் ஒரு பாக்ஸுக்குப் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். ரேடியோ செட்டுக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். நடுவில் நின்றால் சத்தம் செத்துப்போகும், அதை வைத்துத்தான் தப்பைக் கண்டுபிடிப்பார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் இரண்டு பாக்ஸின் பக்கத்திலும் பாட்டு நின்றது, நட்ட நடுவில் மட்டும் துப்புரவாக ஒன்றும் இல்லை. ஆவுடைத்தங்கம் அந்த நடுவில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் என்பது மேடும் பள்ளமும்தான். வயரை மாற்றிக் கொடுத்தால் மேடு இருந்த இடத்தில் பள்ளம் வரும், பள்ளம் இருந்த இடத்தில் மேடு வரும். ஒன்று மற்றதை நிரவிவிட்டால் சமதளம்.

நேரே டீக்கடை முக்குக்கு வந்து, கொடையன்று வைத்த அதே இடத்தில் பாக்ஸை வைத்து, வயரை மாற்றிக் கொடுத்து, அதே பாட்டை அதே அளவு சத்தத்தில் போட்டாள். பாட்டு முடிந்ததும் முக்கு வெறும் முக்காகிவிட்டது. டீக்கடைக்காரர் முகம் தொங்கிப்போய், வியாபாரமே இந்தப் பாட்டால்தானே நடந்தது, திரும்பப் போட்டுவிடு தாயே என்று பின்னாலேயே வந்தார். அவள் திரும்பப் போட்டும் கொடுத்தாள். அவள் மனசெல்லாம் வள்ளிமயிலின் வாசலில் இருந்தது.

ரிக்கார்டு பாட்டை மறுபடி போடலாம், வாயால் சொன்னதை என்ன செய்வது? பக்கத்து டவுனிலிருந்து குரல் மாற்றிப் பேசும் ஒருவரை வரவழைத்தாள். அவர் வைகுண்டமணி அண்ணாச்சியின் இருமலைக்கூட அச்சாகச் செய்தார், ஊரே சிரித்தது. வயரை மாற்றிக் கொடுத்து அவரைப் பேசவிட்டாள். அண்ணாச்சியின் சத்தம் அசையவில்லை. பக்கத்தில் இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது, வள்ளிமயில் வாசலில் இப்போது இரண்டு பேர் ஏசினார்கள். ஆவுடைத்தங்கத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மறுநாளே அவரைத் திரும்பக் கூப்பிட்டு, வயரைப் பழையபடி நேராகக் கொடுத்து, நேற்றுச் சொன்ன மாதிரியே சொல்லச் சொன்னாள். தொழில்காரர், ஒரு இழை பிசகாமல் சொன்னார். அவருடைய சத்தம் துடைத்த மாதிரிப் போய்விட்டது. சொன்ன வாயே திரும்பச் சொன்னால் போகும் என்று அப்போது அவளுக்கு உறுதியானது.

வள்ளிமயில் வள்ளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். புருசனின் திவசம் வருகிறது, அதை இந்த வீட்டில் கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்புகிறேன் என்றாள். அவுக கட்டுன வீட்டுக்குள்ள அவுகளத் தின்னவன்னு கேட்டுக்கிட்டு எப்படிக்கா இருக்க என்று கேட்டபோது அவள் அழவில்லை, அதைப் பார்க்கத்தான் ஆவுடைத்தங்கத்துக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஆவுடைத்தங்கம் சம்புடத்தை மடியில் வைத்துக்கொண்டு வைகுண்டமணி வீட்டு வாசல்படியில் போய் உட்கார ஆரம்பித்தாள். முதல் நாள் அவர், அது என் குரலே இல்லை என்றார். அடுத்த நாள், உன் ஆம்ப்பில் இரைச்சல் இல்லாததால் வந்த வினை, என் தலையில் ஏன் கட்டுகிறாய் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அது அவளுக்கும் தெரியும், அதற்காக எழுந்து போய்விடவில்லை. அண்ணாச்சி பொண்டாட்டி தினமும் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணாச்சி தம்பி வீட்டுத் தெருவை விட்டுவிட்டுக் குளத்தங்கரை சுற்றியே எங்கேயும் போய்வந்தார். தன் சத்தம் எப்படி நிற்கிறது என்று அவர் ஒரு தடவைகூடப் போய்க் கேட்டதில்லை.

திவசத்துக்கு முந்தின நாள் அவர் அவள் முன்னால் வந்து நின்றார். “ஊர் முன்னால திரும்ப அந்த வார்த்தையச் சொல்லச் சொல்லுதியா தங்கம்? ஒருக்கா சொன்னது பத்தாதா?”

“அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்காம சொன்னீய அண்ணாச்சி. அது நிக்கி. இன்னைக்கு அவ மூஞ்சியப் பாத்து அதே மாதிரி சொன்னீயன்னா போயிரும். கொறச்சும் சொல்லாண்டாம், கூட்டியும் சொல்லாண்டாம். அன்னைக்கு மனசுல என்ன இருந்துச்சோ அதோட சொல்லணும்.”

அவர் உள்ளே போய்விட்டார்.

பவுன்ராஜுக்குப் பிள்ளை இல்லை, திவசம் கொடுக்க அண்ணன்தான் வர வேண்டும். போன வருஷம் வந்தார், பிண்டம் வைத்தார், வள்ளிமயிலை ஏறெடுத்துப் பார்க்காமல் திரும்பினார். இந்த வருஷமும் குளித்து ஈர வேட்டியோடு தெருவில் நடந்து வந்தவர், வாசலில் ஒரு காலை வைத்தார். புருசனத் தின்னவ கட்டுன மாலைய சாமி கழுத்துல போடாதீய. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். தன் குரலைத் தன் காதால் அவர் அப்போதுதான் கேட்டார், அதுவும் தம்பி செங்கல் செங்கலாக எடுத்துக் கட்டிய வீட்டின் வாசலில். உள்ளே படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிவது தெரிந்தது. கொல்லை வழியாக வந்துவிடுங்கள் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவர் அசையவில்லை.

ஆவுடைத்தங்கம் காலையிலேயே பாக்ஸை அதன் பழைய இடத்தில் வைத்து, வயரை மாற்றிக் கொடுத்து, மைக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு தடவைதான் பேசலாம் என்பது அவளுக்குத் தெரியும். பிசகிவிட்டால் பிசகியதும் சேர்ந்து நிற்கும், அப்புறம் அந்த வாசலை யாராலும் சுத்தம் பண்ண முடியாது. மைக்கை அவரிடம் நீட்டினாள். தெருவே கூடி நின்றது. வள்ளிமயில் நிலைப்படியில் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

வைகுண்டமணி மைக்கை வாங்கினார். அவர் கண் அவளைத் தாண்டி உள்ளே இருந்த படத்துக்குப் போய் மறுபடி அவளிடம் திரும்பியது. அவர் குறைக்கவில்லை, அதை ஊர் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளும். கொடையன்று இருந்த அதே வெறுப்போடு, அதே குரலில், “புருசன” என்று தொடங்கினார். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு இடத்தில் அவருடைய நெஞ்சு அடைத்துக்கொண்டது. விட்டுவிடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மீதி வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொல்லி முடித்தார். ஆவுடைத்தங்கம் சுவிட்சை அணைத்தாள்.

வள்ளிமயில் படியிறங்கி வந்து சத்தம் நின்ற இடத்தில் நின்றாள். சத்தம் போயிட்டா மயிலு என்றபடி ஆவுடைத்தங்கம் தானே உள்ளே காலை வைத்துக் கேட்டாள். ஏச்சு இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் அது இருந்த இடத்தின் நடுவில் சின்னதாக ஒரு சத்தம் மிஞ்சியிருந்தது. ஒரு வளர்ந்த ஆம்பளை, வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், தொண்டைக்குள் உடைந்து அழுகிற சத்தம். கொடையன்று சொன்னபோது அது இல்லை, இன்றைக்குச் சொன்னதில் மட்டும் இருந்தது. அதை நிரவ எதிரே ஒன்றும் இல்லாததால் அது தங்கிவிட்டது.

ஆவுடைத்தங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் ஒரு மிச்சம். வயரைக் கழற்றி நேராக மாட்டத் தொடங்கினாள். “அண்ணாச்சி, இப்ப வந்துச்சுல்லா அந்த அழுக, அதே மாதிரி இன்னும் ஒருக்கா அழுதுருங்க. எடுத்துருதேன். ஒரு பொட்டு வைக்காம எடுக்கேன்னு சொல்லிருக்கேன்.”

வள்ளிமயில் அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்கக்கா. இது என்னைய ஏசல. அவுகளுக்காக அழுவுது.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “அவுக போன அன்னைக்கு இந்த ஊருல நான் ஒருத்திதான் அழுதேன்னு நெனச்சிக்கிட்டே இத்தன நாளு கெடந்தேன்க்கா. இது இங்கனயே நிக்கட்டும்.”

வயரை ஆவுடைத்தங்கத்தின் கை விட மறுத்தது. பிறகு விட்டாள்.

வள்ளிமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்குத் திரும்பிப் போய் நின்றாள். “உள்ள வாங்க அத்தான். இலை போட்டாச்சு” என்றாள்.

வைகுண்டமணி மைக்கை ஆவுடைத்தங்கத்திடம் கொடுத்தார், செருப்பைக் கழற்றிவைத்தார். வாசலுக்கும் படிக்கும் நடுவில் அவருடைய அழுகை நின்றுகொண்டிருந்தது, அதற்குள் நடந்துதான் உள்ளே போக வேண்டும். தெருவில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நடந்து போனார்.